கபர் இசை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நெதர்லாந்தின் டெல்ஃப்டில் படிக்கும் என் அக்கா மகன் ‘கபர்’ என்றொரு எலெக்ட்ரானிக் நடன இசையை அனுப்பியிருந்தான். போனில் போட்டுக் கேட்டேன். தகரக் கூரைமேல் சம்மட்டியால் அடிப்பதுபோல ஒரே இடி. ஐந்து நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மொட்டையடித்த இளைஞர்கள் ஆடும் காணொளியும் பார்த்தேன். நாஜி ஆதரவுக் கும்பலின் இசை என்று சிலர் எழுதுகிறார்கள். இதில் இசை என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

இருக்கிறது. இடி ஓய்ந்ததும் பாட்டு வரும் என்று காத்திருந்திருப்பீர்கள். கபரில் அந்த இடியே பாட்டு.

ரோலண்ட் நிறுவனம் 1983இல் கொண்டுவந்த டிஆர்-909 என்ற டிரம் மெஷினின் கிக் ஒலி, அதாவது பெரிய டிரம்மின் அடி, மிக எளிமையானது. உச்சத்தில் தொடங்கிச் சட்டென்று கீழே இறங்கி அடங்கிவிடும். அதை மிக்ஸர் தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றினால் ஒலி அலையின் வளைந்த முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன. அப்போது மூல ஒலியில் இல்லாத மேல் ஒலிகள் கிளம்புகின்றன. வெறும் அதிர்வாக இருந்த அடிக்குச் சுருதி வந்துவிடுகிறது. பிறகு அதை ஏற்றி இறக்கி மெட்டே போடலாம். போட்டார்கள். வேகம் நிமிடத்துக்கு 160 முதல் 190 அடி வரை. 180 என்றால் நொடிக்கு மூன்று. ஓர் அடியின் வால் எங்கே அறுபட வேண்டும் என்பதில்தான் கைத்திறன் தெரியும். சற்று நீண்டால் அடுத்த அடியோடு கலந்து எல்லாம் குழம்பிவிடும். போன் ஸ்பீக்கரில் இதன் கீழ்ப்பாதி கேட்கவே கேட்காது, மேலே இருக்கும் கரகரப்பு மட்டும்தான் வரும். நல்ல ஹெட்போன் இல்லாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

இது நெதர்லாந்தின் ராட்டர்டாமில் பிறந்தது என்பார்கள். அதில் ஜெர்மனிக்கும் பங்குண்டு. ஃபிராங்க்ஃபர்ட்காரரான மார்க் அகார்டிபானே 1990இல் செய்த ‘வி ஹேவ் அரைவ்ட்’ என்ற தட்டைத்தான் பலர் முதல் ஹார்ட்கோர் டெக்னோ, அதாவது கபர் சேர்ந்த முரட்டு எலெக்ட்ரானிக் இசை வகையின் முதல் படைப்பு என்கிறார்கள். ஆனால் அதை ஓர் ஊரின் இசையாக்கியது ராட்டர்டாம்தான். பார்க்சிக்ட் கிளப்பில் டிஜே ராப் வாசித்தார். 1992இல் டிஜே பால் எல்ஸ்டாக் ‘ராட்டர்டாம் ரெக்கார்ட்ஸ்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். யூரோமாஸ்டர்ஸ் குழுவின் தொடக்ககாலத் தட்டு ஒன்றின் தலைப்பே “ஆம்ஸ்டர்டாமா, அது எங்கே இருக்கு?” என்ற நக்கல்தான். 1940 மே மாதக் குண்டுவீச்சில் நடுநகரத்தை இழந்த துறைமுக ஊர் அது. தலைநகரமான ஆம்ஸ்டர்டாம்காரர்களின் நாசூக்கைக் கண்டாலே ராட்டர்டாம்காரர்களுக்கு எரிச்சல். அந்த எரிச்சலை எடுத்துவிட்டால் இந்த இசையில் பாதி போய்விடும்.

மொட்டைத்தலை, டிராக் சூட், நைக் ஏர் மேக்ஸ் எல்லாம் கால்பந்து மைதானத்துக்கும் வியர்வைக்கும் பழகிய உழைக்கும் வர்க்கப் பையன்களின் உடுப்பு. மொட்டையைப் பார்த்து மட்டும் முடிவுகட்ட வேண்டாம். அதற்காக நீங்கள் படித்தது முழுப் பொய் என்றும் சொல்லமாட்டேன். தீவிர வலதுசாரி இளைஞர்கள் இந்தக் கூட்டத்துக்குள் வந்தது உண்மை. இனவெறியை எதிர்த்து இசைக்கலைஞர்கள் வெளிப்படையாகப் பேசியதும் உண்மை. கபர் பெரும்பாலும் அரசியல் பேசவில்லை, அதனாலேயே யார் வேண்டுமானாலும் நுழைய முடிந்தது என்பது என் கணிப்பு.

1992இல் ஹீரன்வீன் பனிச்சறுக்கு அரங்கில் தொடங்கிய ‘தண்டர்டோம்’ விழாக்களுக்குப் பிறகு இது நாடு முழுக்கப் பரவியது. 90களின் நடுவில் பால் எல்ஸ்டாக்கே மெட்டை இனிப்பாக்கி ஹிட் கொடுத்தார். கேலிப்பாட்டுகள் வந்தன, மவுசும் குறைந்தது.

இப்போது எனக்குப் பிடித்த கபர் நெதர்லாந்தில் இல்லை. பாலித் தீவின் ‘கபர் மோடஸ் ஆபராண்டி’ இரட்டையர் இதே இடியை இந்தோனேசிய நாட்டார் இசையோடு மோதவிடுகிறார்கள். 2022இல் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் ‘ஃபோசோரா’ ஆல்பத்திலும் அவர்களில் ஒருவரான காசிமினின் அடி உண்டு. முதலில் அகார்டிபானே, பிறகு இவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த இனிப்பு ஹிட்டுகள் பக்கம் போகவேண்டாம், எனக்கு அவைதான் தாங்கமுடியாதவை.