‘ஸ்கோப்’ எதில் என்று கேட்பதற்கு முன்

கேள்வி: என் மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல்–கணிதப் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். நீட் தேர்வில் மருத்துவத்துக்குப் போதுமான மதிப்பெண் வரவில்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் கிடைக்கும்போல் தெரிகிறது. என் கொழுந்தனாரோ இயற்பியலில் ஸ்கோப் இல்லை, கோவையில் தனியார் கல்லூரியில் பயோடெக்னாலஜி சேர்த்துவிடுங்கள் என்கிறார். அதற்கு நகையை அடகு வைக்க வேண்டியிருக்கும். எதில் ஸ்கோப் அதிகம்?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் கொழுந்தனாரின் கருத்து இருக்கிறது, நீட் மதிப்பெண் இருக்கிறது, நகைக் கவலை இருக்கிறது. மூன்று ஆண்டுகள் அந்த வகுப்பில் உட்காரப்போகிற பெண் என்ன சொல்கிறாள் என்பது மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. முதலில் அவளிடம் கேளுங்கள். ஆனால், ‘உனக்கு எது பிடிக்கும்?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பதினேழு வயதுப் பிள்ளை தனக்குப் பிடித்த ஆசிரியர் நடத்திய பாடத்தைத்தான் சொல்லும். ‘விடை வராதபோதும் எந்தப் பாடத்தில் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தாய்?’ என்று கேளுங்கள். அதற்கு அவள் தரும் பதிலை, நானும் உங்கள் கொழுந்தனாரும் சொல்லும் எதையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ‘ஸ்கோப்’ விஷயம். ஒரு பட்டத்தின் பெயர் புதிதாக இருப்பதால் அதன் முன்னே அதிகக் கதவுகள் திறந்திருக்கும் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பல இடங்களில் உண்மை அதற்கு நேர்மாறானது. காடு சூழ்ந்த மாவட்டத்தில் இருக்கிறோம், ஆகவே காட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்திய வனப் பணித் தேர்வை எழுத விரும்பும் அறிவியல் பட்டதாரி கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், நிலவியல் எனப்படும் ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் ஆகியவற்றில் ஒன்றையாவது பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டதாரிகளுக்கும் இடம் உண்டு. அந்தப் பட்டியலில் பயோடெக்னாலஜியின் பெயர் இல்லை. இயற்பியல் படித்த பெண் வன அதிகாரி ஆவதற்கான தேர்வை எழுதலாம். உயிரியலின் பெயரையே தாங்கிய பட்டத்தைப் பெற்றவள், பட்டியலில் உள்ள பாடம் ஒன்றையும் சேர்த்துப் படித்திராவிட்டால், அந்தத் தேர்வின் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அதேபோல, இந்திய வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் பணிக்கு ஆள் எடுத்தபோது, இயற்பியலை ஒரு பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டம் தகுதிகளில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. இன்னொன்றும் உண்டு. நம் மாநிலத்தில் புதுப் பெயர் சூட்டிய பட்டங்கள் பலவற்றுக்கு, இது இன்ன பட்டத்துக்கு இணையானது என்ற அரசாணை இருந்தால்தான் ஆசிரியர் வேலை உள்ளிட்ட அரசுப் பணிகளில் மதிப்பு. அந்த அரசாணை இருக்கிறதா என்று சேர்வதற்கு முன் கேட்பவர்கள் குறைவு. வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுத் தெரிந்துகொள்பவர்களே அதிகம்.

பயோடெக்னாலஜியை நான் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். 1907 முதல் குன்னூரில் இயங்கிவரும், தடுப்பூசிகளுக்காக உழைக்கும் பாஸ்டர் நிலையத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உயிரியல் ஆய்வின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது செலவு பிடிக்கும் படிப்பு. கருவிகளும் ரசாயனங்களும் விலை கூடியவை; ரசாயனம் தீர்ந்துபோனால் மறுபடி வாங்க வேண்டும்; அதற்கு மனமில்லாத கல்லூரியில் செய்முறை வகுப்பு கண்ணாடி அலமாரியை எட்டிப் பார்ப்பதோடு முடிந்துவிடும். பி.எஸ்ஸி.யோடு நிறுத்திக்கொள்பவருக்கு அந்தத் துறை தரும் வேலையும் சிறியதே; முதுகலை, முனைவர் பட்டம் வரை போகும் உறுதி இருப்பவருக்குத்தான் அது பலன் தரும். உங்கள் மகளுக்கு அந்த உறுதி இருக்கிறது என்றால் என் பதில் வேறு. ‘டாக்டர் ஆக முடியவில்லை, அதற்குப் பக்கத்தில் இருப்பது இது’ என்ற ஆறுதலுக்காக மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

இயற்பியலில் ஸ்கோப் இல்லை என்பவரை ஒரு நாள் ஊட்டியை அடுத்த முத்தோரைக்கு அழைத்துச் செல்லுங்கள். 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி அங்கே மலைச்சரிவோடு சரிவாகக் கிடக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சரிவின் சாய்வு ஏறக்குறைய 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. அந்த ஓர் அச்சில் மட்டும் திருப்பிக்கொண்டே, வானில் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர்ந்து கவனிக்கலாம். மலையின் சரிவையே கருவியின் ஓர் உறுப்பாக்கிய அந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். 1970இல் அவர் தலைமையில் அது கட்டி முடிக்கப்பட்டது. அவர் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தின் பெயர் ரேடியோ வானியல் அல்ல, இயற்பியல்.

அந்த உயரத்துக்குப் போகிற பாதை எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்ஸி. செய்முறை வகுப்பில் கறுப்புத் திரை போட்ட ஓர் அறை இருக்கும். பாதரச ஆவி விளக்கின் முன் நிறமாலைமானியை வைத்து, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணியை நேர்செய்து, ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. கழுத்து வலிக்கும். பிறகு ஒரு கணத்தில் ஊதா, நீலம், பச்சை என்று கோடுகள் ஊசிபோல் எழுந்து நிற்கும். திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினால் மஞ்சள் ஒரு கோடல்ல, ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகள் என்று தெரியும். வெர்னியர் அளவுகோலில் பாகையையும், அதில் அறுபதில் ஒரு பங்கான கலையையும் குறித்து, கணக்குப் போட்டு, பச்சைக் கோட்டின் அலைநீளத்துக்கு 5461 ஆங்ஸ்ட்ராமுக்கு அருகில் விடை வரும்போது, புத்தகத்தில் அச்சடித்திருந்த எண்ணைத் தன் கையாலேயே கண்டுபிடித்த மகிழ்ச்சி ஒன்று வரும். நான் அதை அனுபவித்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மறக்கவில்லை. 1909இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியக் கரும்புள்ளியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் இப்படிப்பட்ட கோடுகளில் ஏற்பட்ட மிகச் சிறிய நகர்வை அளந்துதான். உங்கள் மகள் அந்த இருட்டறையில் பொறுமையாக உட்காரக்கூடியவளா என்பதே கேள்வி.

ஒரு விஷயத்தில் உங்களை எச்சரிக்க வேண்டும். இயற்பியல் பட்டப்படிப்பு பள்ளிப் பாடத்தின் நீட்சி அல்ல. இரண்டாம் ஆண்டுக்குள் பாதிப் பக்கம் கணிதமாகிவிடும். வகைக்கெழுச் சமன்பாட்டைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளையை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதில் தள்ளினால், அரியர் மேல் அரியர் விழும். அதைவிட வருத்தம், தனக்கு அறிவில்லை என்று அவள் நம்பத் தொடங்கிவிடுவாள். கணிதம் அவளுக்குப் பாரமாக இருக்குமானால் வேதியியலையோ தாவரவியலையோ தாராளமாகத் தேர்ந்தெடுக்கட்டும். ஊட்டிக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியலும் கற்பிக்கிறார்கள். (புலியைப் படம் பிடிக்கும் ஆசையில் அதைக் கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அந்தப் படிப்பின் அன்றாட வேலை எச்சத்தை எண்ணுவதும் புள்ளியியல் அட்டவணை போடுவதும்தான்.)

கலந்தாய்வுக்கு முன் ஒரு வேலை நாளில் மகளை அழைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிக்கும் போய் வாருங்கள். கட்டடத்தையும் விளம்பரப் பலகையையும் பார்த்து நேரத்தைப் போக்க வேண்டாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி, ஆறு பருவங்களின் பாடத் தலைப்புகளையும் அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள்; கௌரவ விரிவுரையாளர்களில் மிக நல்ல ஆசிரியர்கள் உண்டு என்றாலும், நிச்சயமில்லாத சம்பளத்தோடு ஒரு துறையைத் தாங்குவது யாருக்கும் எளிதல்ல. மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியைத் தனியாகப் பார்த்து, ‘இந்த மாதம் எந்தக் கருவியை உன் கையால் இயக்கினாய்?’ என்று உங்கள் மகள் கேட்கட்டும். அந்தப் பதிலை இரண்டு இடத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், கட்டணம் எதற்காக வாங்கப்படுகிறது என்பது விளங்கிவிடும். அரசுக் கல்லூரியிலும் கருவி தூசி படிந்து கிடக்கலாம். அப்படியானால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தையும் நினைத்துப் பாருங்கள். கோத்தகிரியிலிருந்து ஊட்டி சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பஸ் நின்றுவிடும். செமஸ்டர் தேர்வும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் வரும். தேர்வு நாட்களிலாவது ஊட்டியில் தங்க ஓர் இடம் பார்த்து வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அவள் அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். சேர்ந்தவுடன் கல்லூரி மூலம் விண்ணப்பித்துவிடுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, கணிதத்துக்கு அஞ்சாத பெண், இயற்பியலும் கிடைக்கிறது என்றால், தயங்காமல் ஊட்டியில் சேருங்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். மூன்றாம் ஆண்டில் அவள் ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான ‘ஜாம்’ தேர்வை எழுதி, சென்னைக்கோ மும்பைக்கோ போக வேண்டி வரலாம். அப்போது விடுதிக் கட்டணத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் உங்களுக்கு அந்த நகை தேவைப்படும்.