கேட்டால் சொல்வோம்: காலையில் ஒரு மெகர், மதியம் ஒரு மெகர்

கேள்வி: மண்டபம் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன் பிரிவு ஆசிரியர்கள் நாங்கள். போர்டில் வயரிங் நன்றாகவே சொல்லித்தருகிறோம். வெளியே பழுது பார்க்கக் கூப்பிட்டால் கை தயங்குகிறது. ஐஸ் கம்பெனி ஒன்றின் 5 எச்.பி. மோட்டார், மெகரில் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) காலையில் 0.4 மெகாஓம், மதியம் 6 மெகாஓம் காட்டுகிறது. ரீவைண்டிங் (உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றுவது) செய்யச் சொல்லலாமா? எங்களுக்குக் கை பழக என்ன வழி?

பதில்: அதற்குள் ரீவைண்டிங் வேண்டாம். இரண்டு அளவுமே உண்மைதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், மோட்டாரில் படிந்திருக்கும் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். விடியற்காலையில் டெர்மினல் பிளாக்கின் (வயர்கள் இணையும் கட்டை) மேல் அப்படி ஒரு ஈரப்படலம் உண்டாகி, அதன் வழியே மோட்டாரின் பாடிக்குக் கசிவு ஏற்படுகிறது. வெயில் ஏறினால் காய்ந்துவிடும்.

சந்தேகம் தீர, காலையிலேயே பாருங்கள். சப்ளையை நிறுத்தி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டெர்மினலில் மின்சாரம் இல்லை என்று டெஸ்ட் பண்ணுங்கள். டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) இருந்தால் அதன் இணைப்பைக் கழற்றாமல் மெகரைத் தொடாதீர்கள், டிரைவ் போய்விடும். கேபிளைப் பிரித்து, வைண்டிங் முனைகளையும் பிளாக்கிலிருந்து எடுத்துக் காற்றில் தொங்கவிட்டு, 500 வோல்ட் மெகரில் ஒரு நிமிடம் பாருங்கள். அப்புறம் கேபிளையும் பிளாக்கையும் தனித்தனியே பாருங்கள். இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் குற்றவாளி வைண்டிங்கா, கேபிளா, பிளாக்கா என்று தெரியும். ஒவ்வொரு முறையும் முனைகளை எர்த்தில் தொட்டு டிஸ்சார்ஜ் செய்ய மறக்கக்கூடாது.

பிளாக்தான் காரணம் என்றால் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு காயவையுங்கள். பலரும் கழுவாமல் பல்பு போட்டுக் காயவைத்து, அளவு ஏறியதும் மூடிவிடுவார்கள். ஈரம் போய்விடும், உப்பு போகாது. மறுநாள் பழைய கதைதான். கருகிய கோடு தெரிந்தால் கழுவிப் பயனில்லை, பிளாக்கையே மாற்றுங்கள். கேபிள் மேலிருந்து நுழைந்தால், தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க கிளாண்டைக் (கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் பிடி) கீழ்ப்பக்கம் மாற்றி, நுழையும் முன் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிடுங்கள்.

கை பழக, பழைய இரும்புக் கடையில் ஒரு மூன்று ஃபேஸ் மோட்டார் வாங்கிப் போடுங்கள். 100 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்பு கலந்து பிளாக்கில் பிரஷ்ஷால் தடவி, இரவு ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள். காலையில் அளந்து, முதலில் காயவைத்து மட்டும் பாருங்கள். மறுநாள் கழுவிக் காயவைத்துப் பாருங்கள். எல்லா அளவையும் குறித்து வையுங்கள். லக் (வயர் முனையில் மாட்டும் உலோக முனை) ஒன்றையும் அரைகுறையாக கிரிம்ப் செய்து (நசுக்கி இறுக்கி) வைத்து, சக ஆசிரியரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எது பழுது என்று முன்கூட்டிச் சொல்லாத பயிற்சிதான் பயிற்சி.

கேள்வி: வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது. எல்லா எம்.சி.பி.யையும் (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) ஆஃப் செய்தாலும் விழுகிறதே? (கீழக்கரை வாசகர்)

பதில்: சிங்கிள் போல் எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மெயினை நிறுத்தி, நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி எர்த்துக்கு மெகர் பாருங்கள். சாதனங்களின் பிளக்கை முதலில் உருவிவிடுங்கள். மாடித் தண்ணீர் மோட்டாரின் வயரிலிருந்து ஆரம்பிப்பது நல்லது.