கொதிக்க வச்சா போயிடுமா, போகாதா? செடிச் சத்து பத்தி வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கத்தரி போட்டிருக்கேனுங்க. கடை மருந்து வேண்டாம்னு வேப்பங்கொட்டைய இடிச்சு, சாறு நல்லா இறங்கட்டும்னு அடுப்புல கொதிக்க வச்சு, ஆறினதும் காலைல அடிச்சேன். புழு சாகவே இல்ல. வேம்பு வேலை செய்யும்னு சொல்றதெல்லாம் சும்மாவா?
(கரூர் வாசகர்)

பதில்: வேம்பு நல்லாவே வேலை செய்யுங்க, கொதிக்க வச்சதுலதான் கெட்டுப்போச்சு. வேப்பம்பருப்புல பூச்சிக்கு எதிரா நிக்கிற முக்கியமான பொருள் அசாடிராக்டின். அது சூடு தாங்காது, வெயில் தாங்காது, காரத்தன்மை அதிகமா இருக்கற தண்ணியும் அதுக்கு ஆகாது. நீங்க அடுப்புலயும் வச்சு, வெயில் ஏறப்போற நேரத்துல அடிச்சும் இருக்கீங்க, இலைமேல என்ன மிச்சம் இருந்திருக்கும் சொல்லுங்க.

இப்படி செஞ்சு பாருங்க. 5 கிலோ பருப்ப இடிச்சு 10 லிட்டர் பச்சைத்தண்ணில ராத்திரி முழுக்க ஊற விட்டு, காலைல துணில நல்லா பிழிஞ்சு வடிகட்டி, 100 லிட்டர் ஆக்கிக்குங்க. அடிக்கப்போற நேரத்துல 200 மில்லி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்தப்புறம் அடிங்க. கொட்டை நிழல்ல காஞ்சதா, மூணு மாசத்துக்கு மேல எட்டுப் பத்து மாசத்துக்குள்ள வயசு உள்ளதா இருக்கணும், ரொம்ப புதுசுலயும் ரொம்ப பழசுலயும் அசாடிராக்டின் கம்மி.

இன்னொண்ணு, புழு பொத்துனு விழும்னு எதிர்பார்க்காதீங்க. இது அப்படிக் கொல்ற சரக்கு இல்ல. புழு தின்றத குறைச்சுக்கும், பாம்பு மாதிரி தோல் உரிச்சு வளர வேண்டிய கட்டத்துல அதோட ஹார்மோன் குழம்பி உரிக்க முடியாம போயிடும். அதனால அடுத்த நாள் புழுவ எண்ணாதீங்க, சில நாள் கழிச்சு இலை புதுசா ஓட்டை விழுதான்னு பாருங்க. காய்க்குள்ள போயிட்ட புழுவ இது ஒண்ணும் பண்ணாது, அதனால ஆரம்பத்துலயே அடிக்கணும்.

சூட்டுல மருந்து செத்துப்போற விஷயம் உலகத்துக்கே ஒரு பெரிய மருந்த தாமதமாக்கியிருக்கு. சீனாவுல மலேரியாவுக்கு மருந்து தேடி 1967ல ஒரு ரகசிய திட்டம் ஆரம்பிச்சாங்க, அதுல வேலை செஞ்ச தூ யூயூ அம்மா நிறைய மூலிகைய சோதிச்சாங்க. சிங்ஹாவ்னு ஒரு செடி ஒரு தடவை கேட்டது, மறு தடவை கேக்கல. நாலாம் நூற்றாண்டு வைத்தியர் கே ஹோங் எழுதி வச்ச குறிப்ப திரும்பப் படிச்சப்ப அதுல கொதிக்க வைன்னே இல்ல, ஒரு கைப்பிடி செடிய தண்ணில ஊற வச்சு முறுக்கிப் பிழிஞ்சு குடின்னு இருந்துச்சு. உடனே 35 டிகிரியிலயே கொதிச்சுப் போற ஈதர்ங்கற திரவத்துல சாறு இறக்கிப் பார்த்தாங்க, 1971ல எலிகள்ல மலேரியா கிருமி முழுசா அடங்குச்சு. அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015ல அவங்களுக்கு நோபல் பரிசு கிடைச்சுது.

கேள்வி: எங்க தோட்டத்துல கண்வலிக்கிழங்கு பந்தல் இருக்குங்க. விதைய கம்பெனிக்காரங்க வாங்கிட்டுப் போறாங்க, மூட்டுவலி மருந்துக்குன்னு சொல்றாங்க. எங்கம்மாவுக்கும் முட்டி வலி, கிழங்க நல்லா வேக வச்சு ஒரு துண்டு குடுக்கலாமா?
(மூலனூர் வாசகி)

பதில்: வேண்டாம்மா, வேண்டவே வேண்டாம். மேல வேம்புக்கு சொன்னத இங்க மறந்துடுங்க, இதுல இருக்கற கோல்சிசின்ங்கற விஷம் வேக வச்சாலும் போகாது. சக்கரவள்ளினு நினைச்சு இந்தக் கிழங்க சமைச்சுத் தின்னு செத்தவங்க இருக்காங்க. இதுல பயங்கரம் என்னன்னா, மொதல்ல சில மணி நேரம் கழிச்சு வாந்தி, பேதி, ஏதோ சாப்பாடு ஒத்துக்கலனுதான் தோணும். ரெண்டாவது மூணாவது நாள்லதான் கிட்னி, இதயம், எலும்பு மஜ்ஜைனு ஒண்ணொண்ணா விழும், தப்பிச்சவங்களுக்கு அப்புறம் முடி கொத்துக்கொத்தா கொட்டும். யாராவது தெரியாம தின்னுட்டா வாந்தி நின்னுடுச்சேன்னு வீட்ல இருக்காதீங்க, நேரா பெரியாஸ்பத்திரி, கையில அந்தக் கிழங்கையும் எடுத்துட்டுப் போங்க.

அதே பொருள்தான் மாத்திரையா வரும்போது மருந்து. யூரிக் ஆசிட் படிஞ்சு கால் பெருவிரல் வீங்கித் துடிக்குமே, அந்த கவுட் வலிக்கு அரை மில்லிகிராம் மாத்திரை குடுப்பாங்க. அரை மில்லிகிராம்னா கண்ணுக்குக்கூட சரியாத் தெரியாத அளவு, அத உங்க கிழங்குல யாராலயும் அளந்து வெட்ட முடியாது. உங்கம்மாவுக்கு வயசான தேய்மானமா இருந்தா இந்த மருந்தே தேவைப்படாது, டாக்டர்கிட்ட காட்டி என்ன வலினு மொதல்ல தெரிஞ்சுக்குங்க.

நீங்க காலைல பந்தல்ல பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கறீங்களே, சூல்தண்டு பக்கவாட்டுல மடங்கி நிக்கறதால தானா காய் புடிக்கறது கம்மி, அதனாலதான் இவ்ளோ கைவேலை. அந்த விதைல இருக்கற கோல்சிசின் மருந்தோட நிக்கல, விவசாயத்துக்கும் போகுது. 1937ல அமெரிக்காவுல பிளேக்ஸ்லீயும் ஏவரியும் கோல்சிசின் பட்ட செடியில குரோமோசோம் ரெட்டிப்பாகுதுன்னு காட்டினாங்க. அத வச்சு ஜப்பான்ல கிஹாரா ஐயாவோட குழு விதையில்லா தர்பூசணி கொண்டு வந்தாங்க. செல் பிரியும்போது குரோமோசோம இழுத்துப் பிரிக்கற நூல இது கட்ட விடாது. செடியில நடக்கறதுதான் விஷம் தின்னவங்க குடல்லயும் மஜ்ஜையிலயும் நடக்குது.

கேள்வி: மஞ்சள் கேப்ஸ்யூல் மிளகு சேர்த்தது நல்லதுங்கறாங்க, தினம் போடலாமா?
(ஈரோடு வாசகர்)

பதில்: மஞ்சள்ல இருக்கற முக்கியமான பொருள் குர்குமின், அது தண்ணில கரையாது, உடம்புல ஏறவும் ஏறாது. 1998ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில 2 கிராம் குர்குமினோட, மிளகுல இருக்கற பைப்பரின் 20 மில்லிகிராம் குடுத்தப்ப ரத்தத்துல 20 மடங்கு ஏறுச்சு. கம்பெனிங்க இத பெருமையா போடுவாங்க. ஆனா பைப்பரின் அத செய்யறது கல்லீரலும் குடலும் பொருட்கள கழிச்சு வெளியேத்தற வேலைய மெதுவாக்கித்தான், வலிப்பு மாத்திரை ஃபெனிடாயின் மாதிரி நீங்க சாப்பிடற வேற மருந்தும் கூடவே ஏறிடும். இந்த மாதிரி சப்ளிமென்ட்ல கல்லீரல் பாதிச்ச கேஸும் பதிவாகியிருக்கு. ரசத்துல, பால்ல, குழம்புல சேர்த்துக்குங்க தாராளமா. கேப்ஸ்யூல்னா டாக்டர்கிட்ட உங்க மாத்திரை லிஸ்ட காட்டிக் கேட்டுட்டு.

கேள்வி: பிளஸ் டூ முடிச்சிருக்கேன். செடியில இருந்து மருந்து கண்டுபிடிக்கற படிப்புக்கு ஆசை. எங்க ஆரம்பிக்கறது?
(மதுரை மாணவி)

பதில்: ரொம்ப சந்தோஷம்மா. பி.ஃபார்ம் போய் எம்.ஃபார்ம்ல ஃபார்மகாக்னசி, அதாவது மருந்துச் செடிகளப் பத்தின பாடம், எடுக்கலாம், இல்ல பி.எஸ்சி கெமிஸ்ட்ரியோ பாட்டனியோ. ஆராய்ச்சிக்கு லக்னோவுல மருந்துச் செடி, வாசனைச் செடி ஆராய்ச்சி பண்ற சிமாப் நிறுவனம், உணவுப் பக்கம்னா மைசூருல உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் சிஎஃப்டிஆர்ஐ, விவசாயப் பக்கம்னா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம்.

வேலை எப்படினு சொல்றேன். செடிய காய வச்சு அரைச்ச பொடிய ஹெக்சேன், அப்புறம் எத்தில் அசிடேட், அப்புறம் மெத்தனால்னு வேற வேற கரைப்பான்ல வரிசையா ஊற வச்சு, ஒவ்வொரு சாறையும் சிலிக்கா தடவின தட்டுல ஒரு புள்ளி வச்சு ஏற விடுவாங்க. புற ஊதா விளக்குல பார்த்தா பச்சையம் ரத்தச் சிவப்பா மின்னும், நாம தேடறது எங்கயோ மங்கலா ஒரு கோடா இருக்கும். அந்தக் கோட்டைத் தனியாப் பிரிக்கறதுக்கே மாசக்கணக்கு ஆகும்.

தேடறது ஒண்ணு கிடைக்கறது ஒண்ணாவும் இருக்கும். நம்மூரு நித்யகல்யாணிய சர்க்கரை நோய்க்குனு கனடாவுல நோபிள், பீர்னு ரெண்டு பேர் எலிக்கு குடுத்துப் பார்த்தாங்க. சர்க்கரை குறையல, வெள்ளையணு குறைஞ்சுது. அத விடாம தொரத்தினதுல 1958ல வின்பிளாஸ்டின் வந்துச்சு, அதே செடியில அடுத்து வந்த வின்கிரிஸ்டின் இன்னிக்கும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்களுக்கு போடற ஊசி. இலைய டன் கணக்குல காய வச்சாத்தான் அது கிராம் கணக்குல கிடைக்கும்.

காலேஜ்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரியும் ஸ்பெக்ட்ரோஸ்கோபியும் வரும்போது தேர்வுக்குனு மட்டும் படிக்காதீங்க. ப்ராஜெக்ட் பண்றப்ப எந்த ஊரு, எந்த மாசம், செடியோட எந்தப் பாகம்னு எழுதி, ஒரு கிளைய பூவோட அழுத்திக் காய வச்சு கோயம்புத்தூர்ல இருக்கற இந்தியத் தாவரவியல் ஆய்வகத்துல காட்டி பேரை உறுதி பண்ணிக்குங்க. பேரு தப்பாப் போனா அடுத்து பண்ற எல்லா டெஸ்டும் வேற செடியோட டெஸ்ட்.