கறையோடு இருக்கட்டும்

(அருங்காட்சியகமாக மாறிய பழைய வீடுகளில் துணிமணிகளைப் பாதுகாக்கும் வேலை எனக்கு. வந்திருந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் சொல்கிறேன்.)

அக்கா, என் அப்பத்தாவின் கூறைப்பட்டுக்கு எழுபது வயசுக்கு மேல் ஆகிறது. சரிகை கறுத்துவிட்டது. மடிப்பில் விரல் பட்டாலே கிழிகிறது. பாச்சா உருண்டை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். டிரை கிளீனிங் கொடுக்கலாமா?
– வாசகி, மேலூர்

கொடுக்காதீர்கள். முதலில் அந்த உருண்டைகளை எடுத்து வெளியே போடுங்கள். குழந்தைகள் புழங்கும் வீட்டில் அந்த நெடி வேண்டவே வேண்டாம்.

சேலை கிழிவது பூச்சியால் இல்லை, மடிப்பால். ஒரே கோட்டில் இத்தனை வருஷம் மடிந்து கிடந்தால் பட்டிழை அந்த இடத்தில் ஒடியத்தான் செய்யும். இனி மடிக்க வேண்டாம், சுருட்டி வையுங்கள். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதன்மேல் நன்றாக அலசிய காடாத் துணியை இரண்டு சுற்று சுற்றி, பிறகு சேலை, வெளியே மறுபடி காடா. காடாவில் கஞ்சி இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அதுதான் விருந்து. செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அதிலுள்ள அமிலம் துணியை அரிக்கும். ஹேங்கரும் ஆகாது, சரிகையின் கனமே பட்டைக் கிழித்துவிடும்.

பழைய சரிகை என்பது மெல்லிய வெள்ளித் தகட்டை இழையில் சுற்றி, மேலே தங்கம் பூசியது. காற்றில் உள்ள கந்தகம் பட்டு வெள்ளி கறுக்கிறது. புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், கூடவே தங்கமும் போய்விடும். கறுத்தே இருக்கட்டும். அப்புறம், தெருவில் "பழைய பட்டுச் சேலை வாங்குறதே" என்று குரல் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு உங்கள் அப்பத்தா சேலை வேண்டாம், எரித்த பின் மிஞ்சும் வெள்ளிதான் வேண்டும்.

வருஷம் ஒருமுறை பட்டுகளை மொட்டைமாடி வெயிலில் காட்டலாமா?
– வாசகர், உசிலம்பட்டி

நிழலில், காற்றாட, ஒரு மணி நேரம் போதும். வெயிலில் போன சாயம் திரும்பாது. காட்சியில் இருக்கும் துணிமேல் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் விழ விடமாட்டோம். "கரண்டு போச்சா?" என்று கேட்டபடியே உள்ளே வருகிறவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் என் முதல் எதிரி முற்றத்து வெயில்தான். எந்த மணிக்கு அது எங்கே விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்த பிறகே துணிக்கு இடம் சொல்வேன்.

மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் ரத்தக்கறை படிந்த துணியைப் பார்த்த மாணவன், "இதை ஏன் சார் துவைக்கலை?" என்று கேட்டான். என்ன சொல்வது?
– ஆசிரியர், திருப்பரங்குன்றம்

அந்தத் துணி என் பொறுப்பில் இல்லை. ஆனால் பையன் கேட்டது எங்கள் தொழிலின் முதல் கேள்வி. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959 முதல் அந்த அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் துணியைப் பார்க்கவா வருகிறார்கள்? காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30-ஐப் பார்க்க வருகிறார்கள். கறையை எடுத்தால் மிஞ்சுவது ஒரு முழக் கதர்.

தூசி வேறு. அது இழைகளுக்குள் புகுந்து அறுக்கும், எப்போதும் எடுத்துவிடுவோம். துணிமேல் வலையை விரித்து, தூசி உறிஞ்சும் கருவியின் விசையைக் குறைத்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. வியர்வைக் கறையில்தான் எனக்குத் தடுமாற்றம். அது துணியை அரித்துக்கொண்டே இருக்கும், உடுத்தியவர் அங்கே இருந்ததற்குச் சாட்சியும் அதுதான். மஞ்சள் கறைக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. மஞ்சள் படாத கூறைப்புடவையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து யாருக்குக் காட்டுவது?

வேதியியல் படிக்கிறேன். இந்த வேலைக்கு வர என்ன செய்ய வேண்டும், அக்கா?
– கல்லூரி மாணவி, மதுரை

வேதியியல் நல்ல தொடக்கம்மா. நொய்டாவில் இருக்கும் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் கலைப்பொருள் பாதுகாப்பியலில் முதுகலை படிக்கலாம். அதோடு இப்போதே ஊசி பிடித்துப் பழகுங்கள். எனக்கு ஊசி பாட்டி கொடுத்த சொத்து. சுங்குடிக்குத் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் முடிச்சுப் போட்டுப் புள்ளி வைத்த கை அவருடையது. நான் பிடிப்பது டாக்டர்கள் தையல் போடும் வளைந்த ஊசி, நூல் தலைமுடியைவிட மெல்லிசு. நைந்த பட்டு பறந்துவிடும் என்பதால் சித்திரை மாதத்திலும் ஃபேன் போட முடியாது. நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் குனிவேன், ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் தீராத வேலை.

தப்பும் செய்வீர்கள். ஒரு வீட்டில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலையை அலச வேண்டியிருந்தது. ஈர ஒற்றுத்தாளைக் கரையில் வைத்து அழுத்திப் பார்த்தேன், தாளில் சாயம் ஒட்டவில்லை. தைரியமாகத் தண்ணீரில் இறக்கினேன். கரையோரம் யாரோ பிற்காலத்தில் ஒரு கிழிசலை இழையோட்டியிருந்தார்கள், அதுவும் சிவப்பு நூல்தான். அதை நான் சோதிக்கவில்லை. கண்ணெதிரே வெள்ளையில் இளஞ்சிவப்பாக ஊறியது. நல்ல தண்ணீரை மாற்றி மாற்றி அலசியும் கட்டைவிரல் அகலத்துக்கு நின்றுவிட்டது. அந்தச் சேலையின் பதிவேட்டில் பழைய கறைகளின் பட்டியலுக்குக் கீழே அதையும் எழுதி, தேதி போட்டு, என் கையெழுத்தையும் போட்டேன்.