தீக்குச்சிக்குப் பற்றாத பவுடருக்கு ஏன் 5.1?

கேள்வி: சோடியம் பெர்கார்பனேட் 60 சதவீதம், சோடா ஆஷ் 40 சதவீதம் கலந்து துணிக்கறை நீக்கும் பவுடர் தயாரிக்கிறோம். ஏற்றுமதிக்காக ஒரு லேபில் கொடுத்தபோது ‘ஆக்சிஜனேற்றி அல்ல’ என்றார்கள். கப்பல் நிறுவனம் கேட்டதால் வேறொரு லேபில் கொடுத்தோம். அங்கே ‘வகுப்பு 5.1, பேக்கிங் குரூப் 3’ என்று வந்திருக்கிறது, அதாவது ஆபத்தான சரக்குகளில் ஆக்சிஜனேற்றி வகை, அதில் ஆபத்து குறைந்த பிரிவு (குரூப் 1தான் மிக ஆபத்தானது). தீக்குச்சியைக் காட்டினாலும் எங்கள் பவுடர் பற்றுவதே இல்லை. எந்த ரிப்போர்ட்டை நம்புவது?

பதில்: தீக்குச்சி வேலையை முதலில் நிறுத்துங்கள். அதில் எதுவும் தெரியாது. ஆக்சிஜனேற்றி தானே எரிய வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் அட்டை, சாக்கு, மரத்தூள் போன்றவற்றை அது எவ்வளவு வேகமாக எரியவிடும் என்பதைத்தான் பார்க்கிறோம். பெர்கார்பனேட் சூடானால் சிதைந்து ஆக்சிஜனையும் வெப்பத்தையும் சேர்த்தே வெளியிடும். அதனால் லேபில் அதைச் செல்லுலோஸ் தூளோடு கலந்துதான் எரிப்பார்கள்.

ஐ.நா. சோதனைக் கையேட்டில் இதற்கு ஓ.1 என்று பெயர். மாதிரியையும் செல்லுலோஸையும் எடையில் 4:1, 1:1 என இரு விகிதங்களில் கலந்து, ஒவ்வொரு முறையும் 30 கிராம் எடுத்து, 60 டிகிரி புனலில் நிரப்பிக் கவிழ்ப்பார்கள். அடி 70 மி.மீ. அகலமுள்ள கூம்பு நிற்கும். அதற்குள் நிக்கல்-குரோமியம் கம்பி வளையம் ஒன்று. 150 வாட் கொடுத்ததும் கம்பி சிவக்கும், அதைத் தொட்டிருக்கும் இழைகள் கருகும், பிறகு தீ குவியலுக்குள் ஏறும். சுவிட்ச் போட்டதிலிருந்து முக்கிய எரிதல் அடங்கும் வரை நேரம் குறித்து, ஐந்து தடவை செய்து சராசரி எடுப்பார்கள்.

அந்தச் சராசரியைப் பொட்டாசியம் புரோமேட்–செல்லுலோஸ் கலவைகளோடு ஒப்பிட வேண்டும். இரு விகிதங்களிலும் உங்கள் பவுடர் 3:7 கலவையைவிட (புரோமேட் 3, செல்லுலோஸ் 7) மெதுவாக எரிந்தால் 5.1 கிடையாது. ஏதாவது ஒரு விகிதத்தில் அதற்குச் சமமாகவோ வேகமாகவோ எரிந்துவிட்டால் குரூப் 3. 2:3 கலவையை எட்டிவிட்டால் குரூப் 2, 3:2 கலவையையும் முந்தினால் குரூப் 1.

இப்போது உங்கள் இரண்டு ரிப்போர்ட்டுகளுக்கு வருவோம். என் முதல் சந்தேகம் துகள் அளவின் மேல்தான். சந்தையில் கிடைக்கும் பெர்கார்பனேட் பெரும்பாலும் மேல்பூச்சுள்ள குருணை. ஒரு லேப் குருணையை அப்படியே எரித்திருக்கலாம், மற்றது அரைத்து எரித்திருக்கலாம். அரைத்தால் பூச்சு உடையும், செல்லுலோஸைத் தொடும் பரப்பு கூடும், எரியும் நேரம் குறையும். இதை லேபின் இஷ்டத்துக்கு விட்டுவிடவில்லை. மாதிரியில் 500 மைக்ரானுக்குக் குறைவான தூள் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, பொருள் எளிதில் நொறுங்குவதாக இருந்தாலோ, முழு மாதிரியையும் அரைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்கிறது கையேடு. லாரியிலும் கன்டெய்னரிலும் குலுங்கிக் குருணை தூளாகும் என்பதுதான் காரணம். தூள் மூட்டையின் அடியில் போய்ச் சேரும். நீங்கள் முதல் லேபுக்கு மேலாக அள்ளி அனுப்பியிருந்தால், அந்த ரிப்போர்ட் மேல்பகுதிக்கு மட்டுமே செல்லும்!

ஈரமும் கணக்கைக் கெடுக்கும். செல்லுலோஸை 105 டிகிரியில் 4 மணி நேரம் உலர்த்தி, ஈரப்பதம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கலவையை மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு அள்ளி அள்ளி எரிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவைக்கும் தனியாகக் கலந்து உடனே எரிக்க வேண்டும். பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது.

அடுத்தது ஸ்டாப்வாட்ச். சுவாலை போன பிறகும் கனல் இருக்கும், அது முக்கிய எரிதலில் சேரும். அதற்குப் பிறகு அங்கங்கே தெறிக்கும் பொறி சேராது. எது முடிவு என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவது அபூர்வம். பின்னால் சேர்த்த ஓ.3 முறையில் இந்தச் சங்கடம் குறைவு. குவியலைத் தராசின் மேல் எரித்து, மொத்த எடை இழப்பில் 20-லிருந்து 80 சதவீதம் வரையான பகுதியின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். ஒப்பீட்டுக்குக் கால்சியம் பெராக்சைடு. புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் (ஐ.ஏ.ஆர்.சி.) வகைப்படுத்தியிருக்கும் புரோமேட்டைக் கையாளும் தொல்லையும் இல்லை. மறுசோதனை செய்வதாக இருந்தால் என் ஓட்டு ஓ.3-க்கு.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு லேபிடமும் மூல அளவீடுகளைக் கேளுங்கள். எந்த முறை, அரைத்தார்களா, சல்லடை முடிவு என்ன, இரு விகிதங்களிலும் ஒவ்வொரு தடவைக்கும் எத்தனை விநாடி, ஒப்பீட்டுக் கலவைகளையும் அதே செல்லுலோஸில் எரித்தார்களா? ‘ஆக்சிஜனேற்றி அல்ல’ என்ற ஒற்றை வரியைத் தவிர வேறொன்றும் தராத ரிப்போர்ட்டைக் கப்பல் நிறுவனம் ஏற்காததில் தவறே இல்லை. பெர்கார்பனேட்டே ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் யு.என். 3378 என்ற எண்ணில் 5.1-ஆக இருக்கிறது, அதனால் அவர்கள் தயங்கத்தான் செய்வார்கள்.

விவரம் வரும்வரை சரக்கைக் குரூப் 3 என்றே அறிவித்து அனுப்புங்கள், கிடங்கில் அட்டைப்பெட்டிகளையும் எண்ணெயையும் தள்ளி வையுங்கள். புது மாதிரியைப் பல மூட்டைகளிலிருந்து, அடிவரை எட்டும் மாதிரிக் குழாயால் எடுங்கள். சப்ளையரை மாற்றிக் குருணை அளவு மாறினால் பழைய ரிப்போர்ட் செல்லாது, திரும்பவும் சோதிக்க வேண்டும்.