பெட் லைனர் அடிப்பதற்கு முன்பு துருவைக் கவனியுங்கள்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வேலை. என் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பில் உரமூட்டையும் செம்பனைக் குலையும் ஏற்றுகிறேன். பின்பெட்டில் பெயிண்ட் உரிந்து துருப் பிடித்திருக்கிறது. பெட்டைக் காக்க ஸ்பிரேயில் அடிக்கும் பூச்சான பெட் லைனர் போடலாம் என்றிருக்கிறேன். பாலியூரியா வகை அடித்தால் ஆயுசுக்கும் கவலையில்லை என்கிறார் ஒருவர். பாலியூரித்தேன் வகை போதும், விலையும் குறைவு என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: துருவை யார் எடுப்பார்கள் என்று இருவரிடமும் கேட்டீர்களா? உர உப்பு இரும்பைத் தின்னும். துருவின் மேல் எதை அடித்தாலும் உள்ளே அது வேலையைத் தொடரும், ஒரு நாள் லைனர் அப்பளம் மாதிரி எழும்பும். பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும், கொக்கிகளைக் கழற்ற வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைக்க வேண்டும். இதற்கே பாதி நாள் போகும். "காலையில் விடுங்க, மதியம் எடுத்துக்கலாம்" என்றால் தேய்க்கப் போவதில்லை என்று அர்த்தம். ஓட்டை விழுந்திருந்தால் முதலில் வெல்டிங்.

பாலியூரியா சீக்கிரம் இறுகும், ஈரத்துக்கு அவ்வளவாக அஞ்சாது. உங்கள் வேலைக்கு நல்ல பாலியூரித்தேனே தாங்கும். கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். வடிகால் துளைகளை அடைக்கக் கூடாது. கருப்பு நிறம் வெயிலில் வெளுக்கும், அதைத் தடுக்கிறேன் என்று கேட்டால் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

பெட்டுக்குள் தனியாக வைக்கும் பிளாஸ்டிக் லைனர் வேண்டாம். அடியில் தண்ணீரும் உரத்தூளும் தங்கும். பெட்டி, அலமாரி ஏற்றுபவர்களுக்கு மட்டும் அது சரி. சாமான் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஸ்பிரே லைனரின் சொரசொரப்பில் தள்ளித் தள்ளி இடுப்பு போய்விடும். ஆனால் அவர்களும் அவ்வப்போது அதைக் கழற்றிக் கழுவ வேண்டும், கழற்றிய இடத்தில் பெயிண்ட் தேய்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும். செய்யச் சோம்பல் என்றால் அவர்களுக்கும் வேண்டாம்.

அப்புறம் இந்த இடைத்தரகர்கள். பட்டறை இருக்காது, கையில் நிறப் படம் மட்டும் இருக்கும். கமிஷனை எடுத்துக்கொண்டு வண்டியை வேறு யாரிடமோ விடுவார்கள். உரிந்தால் போன் அடைத்துவிடும். ஸ்பிரே துப்பாக்கி வாங்கியவனெல்லாம் நிபுணர் ஆகிவிடுகிறான், கேட்பாரில்லை. அடிக்கும் இடத்துக்கு நேரில் போங்கள். ஐசோசயனேட் என்ற ரசாயனம் கலந்த பூச்சு மருந்து அது, அடிக்கும்போது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். தொழிலாளி சரியான முகமூடி இல்லாமல் மூக்கில் துணி மட்டும் கட்டி நின்றால் வேறு பட்டறை பாருங்கள்.

பில்லில் பூச்சு மருந்தின் பெயர், கனம், உத்தரவாதம் மூன்றும் எழுதி வாங்குங்கள். "ஆயுட்கால உத்தரவாதம்" என்று வாயால் மட்டும் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். பில் இருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். அதற்கும் வேலையை விட்டு அலைய வேண்டும், அது வேறு கதை.

அடித்த அன்றே குலை ஏற்றாதீர்கள். எத்தனை நாள் காய வேண்டும் என்பதையும் அந்தப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.