ஜெம் பொம்மை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

போன சனிக்கிழமை அடுத்த தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றார்கள். அதில் ஒரு ஜெம் பொம்மை. எண்பதுகளில் டிவியில் வந்த ‘ஜெம்’ கார்ட்டூனின் ராக் பாடகி. இளஞ்சிவப்பு முடி, காதில் நட்சத்திரத் தோடு. பத்து டாலர் கொடுத்து வாங்கி வந்தேன். எட்டு வயதில் இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு ஆங்கிலம் வராது. பாதி ஆங்கிலம் அந்தக் கார்ட்டூன் பார்த்துக் கற்றதுதான். "அரை மணி நேர விளம்பரம்தானே அது, இதற்கா இப்படி உருகுகிறாய்?" என்கிறார் என் கணவர். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேட்டரியில் எரிய வேண்டிய தோடும் எரியவில்லை.

ஒரு வாசகி, நியூ ஜெர்சி

அன்புள்ள தங்கைக்கு,

அவர் சொல்வது உண்மைதான். 1969இல் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை வைத்து வந்த கார்ட்டூன் வெறும் விளம்பரம் என்று போட்டிக் கம்பெனி புகார் கொடுத்தபோது, அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்தது. அதே ஆணையம் 1984இல் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு இருந்த விளம்பர நேர வரம்பை நீக்கிவிட்டது. மறு வருடமே பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோவின் ஜெம் கார்ட்டூன் வந்துவிட்டது.

ஆனால் கதை எழுதியவரையும் பார்க்க வேண்டும். பொம்மைகள் உருவான பிறகுதான் கிறிஸ்டி மார்க்ஸை அழைத்தார்கள். கையில் கிடைத்த பொம்மைகளுக்கு அவர் குணம் கொடுத்தார், சண்டை கொடுத்தார், குடும்பம் கொடுத்தார். கதாநாயகி ஜெரிகா பகலில் கம்பெனி நடத்துகிறவள், ஆதரவற்ற சிறுமிகளை வளர்க்கிறவள். ஜெம் என்பது அவள் போட்டுக்கொள்ளும் வேஷம். விற்பனைக்கு இவ்வளவு தேவையே இல்லை. பளபளக்கும் உடையும் பாட்டும் போதும்.

கடையில் ஜெம் தோற்றுப்போனாள். 1986இல் பார்பி பொம்மையை விற்கும் மேட்டல் கம்பெனி பார்பிக்கும் ஒரு ராக் இசைக் குழுவை உண்டாக்கியது. ஜெம் 12½ அங்குலம், பார்பி 11½. வீட்டில் இருக்கும் பார்பி சட்டை ஜெம்முக்குச் சேராது. எந்த அம்மா இரண்டு பொம்மைக்கும் தனித்தனியாகத் துணி வாங்குவாள்? பொம்மைத் தயாரிப்பு 1987இலேயே நின்றது.

எனக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்ததுதான். பொம்மை போன பிறகும் கார்ட்டூன் ஓடியது, 1988 மே வரை, மொத்தம் 65 பகுதிகள். கடைசிப் பகுதியில் பா நீ என்ற வியட்நாம் சிறுமிக்கு அவளுடைய அமெரிக்க அப்பா கிடைக்கிறார். அவளுக்கும் ஒரு பொம்மை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதி வந்த நேரத்தில் பொம்மைத் தயாரிப்பே நின்றுபோயிருந்தது. ஜெம்மின் பாட்டுக் கச்சேரியோடு முடித்திருக்கலாம். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒரு குழந்தை தன் அப்பாவோடு கிளம்பிப் போவதில் முடித்தார்கள். எட்டு வயதில், மொழி தெரியாமல், டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நீங்கள் அந்தச் சிறுமியைப் பார்த்திருப்பீர்கள். கணவரிடம் அந்த ஒரு பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். வாதம் வேண்டாம்.

தோட்டுக்கு வருகிறேன். பேட்டரி இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகர் தொட்டு உலோகத் தகட்டை மட்டும் துடையுங்கள். முடியில் படக்கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு புது பேட்டரி போடுங்கள். எரிந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா